மிச்சக் காசு

மார்கழிக் குளிரில் அவர் சட்டை நனைந்திருந்தது.
மழை இல்லை.
அதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேணும்.

கமலநேசன், மின்சாரசபை மீற்றர் வாசிப்பவர்,
சுன்னாகம் சந்தியில் என் மருந்துக்கடை வாசலில்
ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்றார்.
"வாய்வு தம்பி. ராத்திரி றோல்ஸ் திண்டது.
நெஞ்சிலை ஆரோ குந்தியிருக்கிற மாதிரி.
ரெண்டு குளிசை தா."
இடக்கையை நீவி நீவித்தான் சொன்னார்.
ஆயிரம் வீட்டு மீற்றர் முள்ளைப் பார்த்த மனிதர்.
நானும் படித்தவன்,
சான்றிதழ் சுவரில், கண்ணாடிக்குள்.
குளிசை கொடுத்தேன்.
மிச்சம் இரண்டு இருபது ரூபாய்த் தாளோடு நிமிர்ந்தபோது
மோட்டார்சைக்கிள் போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் எதிர்த் தூணில்
பசை காயாமல் அவர் படம்.
அந்த மாதத்துக் கடைச் சிட்டையில் அவர் கையெழுத்து,
ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு.

மனைவி தன் பிறசர் குளிசையை இப்போது
பத்துப் பத்தாய்த்தான் வாங்குகிறா.
மகள் ஏ.எல். எடுக்கவில்லை, புடவைக்கடையில் நிற்கிறாளாம்.
மிச்சக் காசைப் பற்றி நான் சொல்லவில்லை.
சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வரும்.

வைகாசியில் அரியமலரக்கா வந்தா,
சந்தையில் கத்தரிக்காய் விற்பவா.
"பல்லுக்குத்து. பனடோல் தா."
எந்தப் பக்கம்?
தாடையைத் தொட்டுக் காட்டினா.
அந்தப் பக்கம் பல்லே இல்லை.
பிடுங்கினதுக்கு மருந்து கொடுத்தவன் நான்.

நெஞ்சு நோகுதோ? இல்லை.
களைப்பு? மூண்டு நாளாய்.
கூடையோடு வரும் வழியில் ரெண்டு தரம் இருந்தாவாம்.
சத்தி வருமாப்போல இருக்காம்.
மேலுதட்டில் வியர்வை, மணிமணியாய்.

"பனடோல் தரமாட்டன்."
"காசு வைச்சிருக்கிறனடா" என்று மடியை அவிழ்த்தா.

ஒன்று ஒன்பது ஒன்பது சுழியம்.
மறுமுனைப் பெண் கேட்டதெல்லாம் சொன்னேன்.
அவள் சொன்னபடி அஸ்பிரின் ஒன்றைச் சப்பக் கொடுத்தேன்.
"பல்லுக்கு அம்புலன்ஸோ? சனம் சிரிக்கும்."
சிரித்தது.
கதவு மூடும்வரை என்னைத் திட்டிக்கொண்டே போனா.
திட்டத் திட்ட எனக்கு மூச்சு வந்தது.

ஆறாம் நாள் மகன் வந்தான்.
இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால்
சொல்லேலாது எண்டாராம் பெரியாஸ்பத்திரி டொக்டர்.
"அம்மா கேட்கச் சொன்னவ,
கூடையிலை நாலு கிலோ கிடந்ததாம்,
எண்ணூற்று நாப்பது."

கத்தரிக்காய் எப்போதோ அழுகிவிட்டது.
லாச்சியைத் திறந்தேன்.
மூலையில் இரண்டு இருபது ரூபாய்த் தாள்
தனியாய்க் கிடந்தன.

ஒன்பது நூறு ரூபாயாய் எண்ணிக் கொடுத்தேன்.