விரல் எடுக்கும் வரை

மல்லாவியில் பின்னேரம் மூன்று மணி.
கோயில் தகரம் வெயிலில் படபடக்கிறது.
பீடத்துக்கு இடப்பக்கம் இரண்டு வாத்தியங்கள்.

ஒன்று ஓகன்.
வவுனியாவிலிருந்து மரக்கறி லொறியில்
வெங்காய மூட்டைகளுக்கு மேலே படுத்து வந்தது.
மற்றது மேடைப் பியானோ.
எண்பத்தெட்டுக் கட்டை, தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
கிளிநொச்சியில் ஒரு கலியாணப் பாண்ட் பிரிந்தபோது
கைமாறியது. உறைக்குள் இன்னும்
யாரோ கட்டாத ஒரு மண்டபக் கணக்கு.

ஒன்றைத்தான் வைத்திருக்கலாம்.
"ஞாயிறுக்குள்ள சொல்லும், றெக்ஸ்மன்" என்றுவிட்டு
சுவாமி துணுக்காய்க்குப் போய்விட்டார்.
கடைசி வாங்கில் எமில்டா.
பாடகர் குழுவில் மிஞ்சியிருக்கிற ஒரே அல்டோ.

முதலில் பியானோ.
நடுக்கட்டை ஒன்றைத் தட்டினேன்.
தட்டிய கணத்திலேயே தேயத் தொடங்கிற்று.
பெற்றோல்மாக்ஸை அணைத்த பிறகு
மாண்டில் கொஞ்ச நேரம் சிவந்து கிடக்குமே,
அப்படி ஒரு மிச்சம்.
மெல்லத் தொட்டால் மெல்ல.
கோபத்தோடு தொட்டால் எமில்டா நிமிர்ந்து பார்க்கிறாள்.
என் கையின் கனம் இதற்குத் தெரிகிறது.

அதுதான் சிக்கல்.

இடக்கை மோதிர விரல்
இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து
எனக்குச் சொல்லாமல் வேலை செய்கிறது.
உள்ளே எள்ளளவு இரும்பு. எக்ஸ்ரேயில் வெள்ளையாய்த் தெரியும்.
மற்ற விரல்கள் கட்டையை விசாரித்து இறங்கும்.
இது விழும், அவ்வளவுதான்.
பியானோ அதை மறைக்காது.
ஒழுங்காய்ப் போகிற வரிசையில் ஒரு சுரம் மட்டும்
படியில் தடக்கும்.

ஓகனுக்குப் போனேன்.
ஓகனுக்கு எல்லா விரலும் ஒன்று.
தொட்டால் சத்தம், எடுத்தால் இல்லை.
இடையில், வைத்திருக்கிற அளவும்,
கூடாமல் குறையாமல்
வயலில் பம்பி இறைக்கிற மாதிரி.
முதலில் ஆறுதலாய் இருந்தது.
பிறகு வெட்கமாய் இருந்தது.
நொந்த விரலை இது தூக்கி விடுகிறதா,
மற்ற ஒன்பதையும் அதன் மட்டத்துக்கு இறக்குகிறதா?

பியானோவுக்குள்ளும் ஓர் ஓகன் உண்டு, பதினாறாம் பொத்தான்.
கட்டை அதே கனத்தில் இறங்க
சத்தம் மட்டும் வேறொருவனுடையதாய் வரும்.
ஓகனுக்குள் இருக்கிற பியானோவைப் பற்றிப் பேசவேண்டாம்.
இரவல் சேட்டு. தோள்மூட்டில் இறுக்கும்.

எமில்டா வாங்கிலிருந்தே சொன்னாள்:
"ஓகன் எண்டா சனம் பிந்தினாலும் வந்து பிடிச்சிடும்.
பியானோ எண்டா நாங்கள் மூச்செடுக்கிற இடத்தில
ஓட்டை விழும்."
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.
"ஆனா ஓகன்ல
நீர் வாசிக்கிறீரோ வேற ஆரும் வாசிக்கினமோ
தெரியேல்ல."

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
நாலு விரல் கட்டையில் இருக்க
ஓகன் நடுச்சொல்லில் வாயை மூடிற்று.
மேலே காற்றாடி மட்டும்
சுற்றிச் சுற்றி, மெதுவாகி, மெதுவாகி.
அது பியானோக் கட்சி.

செத்த பியானோவில் சும்மா வாசித்தேன்.
டொக், டொக், டொக். உள்ளே வெறும் சுத்தியல்கள்.
"இப்ப விழுந்தது அந்த விரல்தானே?"
எமில்டா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள்.
நான் அவளிடம் ஒருநாளும் அதைப்பற்றிச் சொன்னதில்லை.

"சுவாமிக்கு என்ன சொல்லப்போறீர்?"
"கரண்ட் வரட்டும்."

ஆறு மணி ஆகுமாம்.
ஓகனின் சுவிட்ச் போட்டபடியே கிடக்கிறது.
மோதிர விரலை ஒரு கட்டையில் வைத்திருக்கிறேன்.
அழுத்துகிறதா என்று
குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.