கினு

லூஓ, லூஏய்ஸ், லூஏய்.
கிரேக்கத்தில் முதல் வருடத்துக்கு முதல் வினைச்சொல்.
அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான்.
இருபத்திரண்டு பேர் சேர்ந்து சொல்லும்போது
கீழே லேத் பட்டறைக்காரர்
மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்.
ஏதோ வாய்ப்பாடு என்று நினைத்திருக்கிறார் நான்கு வருடமாக.
தப்பில்லை.

இறையியல் கல்லூரி என்று பலகை சொல்கிறது.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
இரண்டு மாடி,
அதற்குமேல் தகரக் கூரையில் சிற்றாலயம்.
மழை பெய்தால் ஜெபம் யாருக்கும் கேட்காது,
கேட்க வேண்டியவரைத் தவிர.
நூலகத்தில் பாதிப் புத்தகம்
கடல் தாண்டிச் செத்துப்போன ஒரு போதகருடையது;
ஓரங்களில் அவர் சண்டை போட்டிருக்கிறார்
நீல மசியில், வேறொருவரோடு.

கேட் மூடினால் வகுப்பில் பாதி அந்தப் பக்கம்.
வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே
"கூட்ஸ்" என்று பென்சிலால் எழுதிவைப்பேன்.
முதல்வர் கேட்டதில்லை.

தேசப்பன் ஞானஸ்நானத்துக்குப் பிறகும் தேசப்பன்தான்.
அலுவலகத்தில் இரண்டு முறை படிவம் கொடுத்தார்கள்,
இரண்டு முறையும் அதே பெயரை
இன்னும் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தான்.
விடிகாலை காசிமேட்டில் விசைப்படகு,
ஒன்பதரைக்குக் கிரேக்கம்.
அவன் திருத்தக் கொடுக்கும் நோட்டில்
டீசல் ரேகை இருக்கும், பக்க எண் மாதிரி.

செவ்வாய்க்கிழமை பிரசங்கப் பயிற்சி.
பன்னிரண்டு நிமிடம், ஒரு மணி, இருபது மதிப்பெண்.
"வந்துகினு" என்றால் அரை மதிப்பெண் போகும்.
"பேசிக்கினு" என்றால் அரை.
நல்ல சமாரியன் அடிபட்டவனைத்
தூக்கிக்கினு போனதில்
தேசப்பனுக்கு மொத்தம் மூன்றரை போயிற்று.
பின்வரிசையில் சிரித்தார்கள்.
அடிபட்டவன் சத்திரம் போய்ச் சேர்வதற்குள்
மணி அடித்துவிட்டது.

வியாழன் என் வகுப்பு.
செய்வினையும் இல்லை, செயப்பாட்டுவினையும் இல்லை,
நடுவில் ஒன்று:
செய்கிறவன் தனக்காகச் செய்வது.
பாடநூல் இரண்டரைப் பக்கம் மூச்சு வாங்கியது.
நானும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டேன்,
அழித்தேன், மறுபடி போட்டேன்.

"மேடம், கயித்த அவுத்து வுட்டேன்னா படகுக்கு.
அவுத்துக்கினேன்னா எனக்கு.
இதானே?"

சாக்பீஸ் கையிலேயே இருந்தது.
எட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.
எட்டு வருடமும் கினு
இந்த ஜன்னலுக்குக் கீழே
மீன்கூடையோடு போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

என்னிடம் படித்தவர்களில் பதினான்கு பேர் இப்போது ஆயர்கள்.
அபிஷேக ஆராதனைக்கு அழைப்பார்கள்.
மூன்றாவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே.
போன முறை ஒருவன் பிரசங்கத்தில்
மூலமொழியில் இதற்கு அர்த்தம் என்று தொடங்கினான்,
தவறாகச் சொன்னான்.
பக்கத்தில் இருந்த அம்மாள்
என் முழங்கையைத் தொட்டு, "நீங்க படிக்கவெச்ச பிள்ளையா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
எங்கள் சபையில் பெண்ணுக்கு அங்கி இல்லை.
அதற்கு வசனம் காட்டுவார்கள்.
அந்த வசனத்தின் கிரேக்கத்தை
அவர்களுக்குப் பிரித்துக் காட்டியது நான்.

தேர்வுத்தாள் திருத்தும் அறை, மே மாதம்.
கேள்வி நான்கு: எலூசாமேன், மொழிபெயர்க்க.
எண் மட்டும் உள்ள தாள், பெயர் கிடையாது.
"அவுத்துக்கினேன்."
வெளியிலிருந்து வந்த தேர்வாளர்
சிவப்பில் வட்டம் போட்டு, பூஜ்யம் போட்டு,
பூஜ்யத்துக்குள் ஒரு புள்ளியும் வைத்திருந்தார்.

இரண்டாம் திருத்துநர் நான்.
பச்சை மை.
இரண்டுக்கு இரண்டு.
காரணம் எழுதும் கட்டத்தில்
முதலில் இலக்கணம் எழுதப் போனேன்.
பிறகு "சரி" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கேட் மூடியிருந்தது.
எண்ணெய் டேங்கர்கள், ஐம்பதுக்கு மேல் எண்ணவில்லை.
ஒன்பதரை, ஒன்பது நாற்பது.
அந்தப் பக்கம் மாடியில்
யாரும் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார்கள்,
லூஓ, லூஏய்ஸ்.
என் பெயருக்கு நேரே
யாரிடம் இருக்கிறதோ பென்சில்.