அரை மாத்திரை

பேட்லி நகரின் கோடியில்
பழைய கம்பளி ஆலையை இடித்துக் கட்டிய அங்காடியில்
வெண்ணெய்க்கு இரண்டு விலை.
மஞ்சள் சீட்டில் ஒன்று, அட்டை வைத்திருப்பவர்க்கு.
வெள்ளைச் சீட்டில் இன்னொன்று,
அட்டை இல்லாத பாவத்துக்கு.

லொரெய்ன் பிக்கர்ஸ்கில்லின் பர்ஸில் ஏழு அட்டைகள்.
செருப்புக்கடை அட்டை உண்டு, செருப்புக்கடை இல்லை.
பெட்ரோல் அட்டை உண்டு, காரை விற்றாயிற்று.
காபிக்கடை அட்டையில் ஒன்பது முத்திரை.
பத்தாவது விழுவதற்கு முந்தைய வாரம்
எல்லாம் செல்போனுக்குள் குடிபோய்விட்டது.
குத்தின ஒன்பதும்
குத்தினது குத்தினதுதான்.

புள்ளி சேர்த்தே வான்கோழி வாங்கியவள் அவள்.
கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கல்லாவில்
"எல்லாத்தையும் கழிச்சுக்கோ" என்றபோது
கீத்துக்கும் தெரியாத ஓர் உண்டியலை
ஊரறிய உடைத்த மாதிரி இருந்தது.
ஒரு கோடையில் விட்பிக் கடற்கரைக்குப் போய்வந்தாள்,
வருஷம் முழுக்க வாங்கிய சோப்புத்தூளின் தயவில்.

பிறகு கடிதம் வந்தது.
"உங்கள் விசுவாசத்துக்கு நன்றி" என்று தொடங்கும் கடிதம்
நல்லபடியாக முடிந்ததே இல்லை.
பவுண்டுக்கு ஒரு புள்ளி போய்
இரண்டு பவுண்டுக்கு ஒன்று.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
ஓசை அரை மாத்திரையாகும்.
இவர்கள் புள்ளியின் தலையிலேயே
இன்னொரு புள்ளி வைத்தார்கள்.

அவள் சேமிப்பு என்று நினைத்திருந்தது
அவர்கள் பேரேட்டில் கடன்.
கடனை அடைக்கச் சுலபமான வழி
நாணயத்தைத் தேய்ப்பது.
கொசுறு கொடுத்த அட்டை
இப்போது அபராதம் தள்ளுபடி செய்கிறது,
அதற்கும் சலுகை என்றே பெயர்.

ஆனாலும் அட்டைக்கு நிறையத் தெரியும்.
கீத் போனது
தெருவுக்குத் தெரியுமுன் அதற்குத் தெரிந்தது.
சவர நுரை நின்றது,
ஆட்டிறைச்சி ஒற்றைத் துண்டாயிற்று.
ஒருவருக்கான சூப்புக்குப் பத்து சதவீதக் கழிவு அனுப்பியது,
மலர்வளையம் அனுப்புகிற மாதிரி.

போன வியாழன், வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு பையன்.
நெஞ்சில் கட்டிய குழந்தை. தூங்கி நாளான கண்கள்.
ஒரு கட்டு டயப்பர், நாலு வாழைப்பழம்.
"கார்டு இருக்கா?" என்றாள் கல்லாவில் நஃபீசா.
செல்போனில் இருக்கிறது.
செல்போனில் சார்ஜ் இல்லை.
பையன் டயப்பரைப் பார்த்தான், பிறகு வாழைப்பழத்தை.

லொரெய்ன் அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டினாள்.
பீப்.
நாலு பவுண்டு இருபது பென்ஸ் இறங்கியது.
அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்,
குழந்தை முந்திக்கொண்டு அழுதது.
"புள்ளி உங்க கணக்குல ஏறிடுச்சு, நாலு" என்றாள் நஃபீசா.
இன்றைய மதிப்பில் இரண்டு பென்ஸ்.

செவ்வாய்க்கிழமைத் தபாலில் வாழ்த்து வந்தது.
அறுபத்து மூன்று வயது திருமதி பிக்கர்ஸ்கில்லுக்கு,
புதுவரவுக்கு மனமார்ந்த நல்வரவு,
டயப்பர் கட்டுக்கு ஒன்றரை பவுண்டு கழிவு,
பல் முளைக்கும் பருவத்துக்குச் சில யோசனைகள்.

சமையலறையில் தனியாக நின்று
கெட்டிலை மீறிக் கேட்கும்படி சிரித்தாள்.
இத்தனை வருஷத்தில்
அவளைப் பற்றி அவர்கள் தப்பாகத் தெரிந்துகொண்டது
இது ஒன்றுதான்.

செருப்புக்கடை அட்டையைக் குப்பையில் போட்டு
அந்த இடுக்கில் கூப்பனை மடித்து வைத்தாள்.
மாதக் கடைசியோடு காலாவதி.
அந்தப் பையன் வியாழன்தோறும் வருவானா என்று
நஃபீசாவைக் கேட்க வேண்டும்.