கால் அங்குலம்

சஸ்காட்சுவானில் பனி.
கால் ஒடிந்து வீட்டில் கிடக்கும் ஆர்வில்
கால் அங்குலம் விட்டுத் தைக்கப் பழகுகிறான்,
கோதுமையை டன் கணக்கில் அளந்தவன்.

எட்டு முக்கோணம், நடுவே ஒரு சதுரம்.
நட்சத்திரம் என்கிறது தாள்.
அவனுக்கு வந்ததோ காற்றாலை.
பிரித்தான். மறுபடி ஓட்டினான்.
இம்முறை ஒரு முனையைத்
தையல் தின்றுவிட்டது.
இருக்கட்டும் என்றான்.

இரவுப் பணி முடிந்து நான் வந்தபோது
இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது,
அடுப்பு இல்லை.
எங்கும் நூல், பூனையின் மீசையிலும்.

தரையில் பதினோரு நட்சத்திரங்கள்.
பன்னிரண்டாவதற்கு நீலத்துணி போதவில்லையாம்.

"அப்புறம் கிடைத்துவிட்டது, வெர்னா."
ஊன்றுகோலைப் பிடித்து
மெல்லத் திரும்பினான்.

அவனுடைய நீலச் சட்டைக்கு
முதுகு பாதிதான் இருந்தது.