நாலு விரல் குறைய

முதலில் கேஸ்கட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.
தப்பு. அந்த இரண்டாயிரத்து முந்நூறை
பில்லில் நான் எழுதவில்லை.

சண்டிகர் பழைய இரும்புக் கடையில் விலைபேசி
வள்ளியூர் வரை பார்சல் லாரியில் வந்து
கூத்தங்குழி மணலில் இறங்கிய எஞ்சின்.
மலைக்கு மேலே ஏதோ ஏரியில்
ரோந்துப் படகில் கிடந்ததாம்.
நாலு சிலிண்டர். பச்சைப் பெயின்ட் புதுசு.
புதுப் பெயின்ட் அடித்த எதையும்
நான் நம்புவதில்லை. பனிமயம் நம்பிவிட்டாள்,
பாதிப் பணம் ஏலக்காரனிடம் கடன் வாங்கி.

வள்ளத்தில் ஏற்றி இருபது நிமிஷம் ஓட்டினோம்.
குச்சியை உருவினால்
ஆயில் இல்லை, பால் தூக்கலான காப்பி.
"தண்ணி எங்கயிருந்து வருது?"
கேட்டவளுக்கு அன்று பதில் இல்லை.

கேஸ்கட் மாற்றியும் காப்பிதான்.
பம்பு இல்லை. கூலர் குழாயும் இல்லை.
மூன்றாம் நாள் பெயின்ட்டைச் சுரண்டினேன்.
பிளாக்கின் பக்கவாட்டில்
அஞ்சு ரூபாய் அகலத் தகர மூடி ஒன்று
உள்ளிருந்து கட்டைவிரலால் தள்ளியதுபோல்
பிதுங்கி நின்றது. எவனோ எம்-சீல் அப்பியிருந்தான்.
அதற்குக் கீழே டீசல் பூசி, துடைத்து,
அவள் மகன் பையிலிருந்து சாக்பீஸ் வாங்கி
பொடித்துத் தூவிக் காத்திருந்தேன்.
வெள்ளையில் மெல்ல ஈரமாய் எழுந்தது
ஒரு சாண் கோடு.

சூட்டில் வெடித்த இரும்பு எனக்குப் பழக்கம்.
வால்வு ஓரம் வெடிக்கும், கருகியிருக்கும்.
இது நெருப்பு எட்டாத இடம்.
நகத்தால் தடவினால்
உதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தது.
நம்மூர் வெயில் எத்தனை வருஷம் காய்ந்தாலும்
இதைச் செய்யாது.

விடை உவரி ஐஸ் கம்பெனியில் இருந்தது.
வேறு வேலையாகத்தான் போனேன்.
கிளிட்டஸ் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான்.
விளிம்பு வரை பிடித்தால் என்ன என்றேன்.
"நாலு விரல் குறைய விடணும் அண்ணாச்சி,
உறையும்போது வளரும்லா.
எடம் குடுக்கலன்னா தகரத்தக் கிழிச்சிரும்."

ஐம்பத்தொரு வயசில் இதைக் கேட்டு
டிவிஎஸ் ஃபிப்டியில் உட்கார்ந்தபடியே சிரித்தேன்.
எனக்குத் தெரிந்த பனி
மார்கழி விடியலில் ஸ்பானரை வழுக்க வைக்கும்,
அவ்வளவு.
அங்கே எவனோ குளிருக்கு முன்
அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க
மறந்திருக்கிறான்.
ஒரே ஒரு திருகு.
டீ ஆறிவிடுமென்று அவசரமாய்ப் போயிருப்பான்.

சொன்னபோது அவள் முகம் இறுகியது.
"மாதா பேருன்னு எனக்கு வச்சாங்க.
வச்சவங்களும் பனியப் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல.
அது எப்படி வந்து என் காச ஒடைக்கும்?"

வெல்டிங் வேண்டாமென்றேன். சூடு வைத்தால்
கோடு இன்னும் நடக்கும்.
இரு முனையிலும் ஒரு துளை,
இதற்குமேல் போகாதே என்று.
பிறகு துளை, மரை, வார்ப்பிரும்பு ஆணி.
அடுத்த ஆணி
முந்தினதைக் கால்வாசி கடித்துக்கொண்டு.
ராத்திரி மூன்று. ஆணி நாற்பத்தொன்று.
தட்டுகிற சத்தத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளை
மூன்று ராத்திரியும் அழுதது.
தகர மூடியும் புதுசு போட்டு
சைக்கிள் பம்பால் காற்றடித்து
சோப்பு நுரை தடவினேன். குமிழ் இல்லை.

"கேரண்டி எவ்வளவு நாளைக்கு?"
கூத்தங்குழியில் கடல் உறையும் வரை, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கச்சான் ஓய்ந்த விடியலில் வள்ளம் இறங்கியது,
எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி நிறைய ஐஸ்.
எட்டாம் நாள் பார்க்கப் போனேன்.
இருபத்தொன்பதாம் ஆணியில் மட்டும்
ஒரு கசிவு. காய்ந்து உப்புப் பூத்திருந்தது,
வெள்ளையாய், ஊசி ஊசியாய்.
அங்கே ஏரிமேல் இப்படித்தான் இருக்குமோ.
கையில் துணியோடு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு துடைத்துவிட்டு
ரெண்டு தட்டு தட்டினேன்.