பின் டிஃப்பில் ஆறு

முதலில் மேல் போல்ட்.
அது அசையாமல் கீழ் போல்ட்டைத் தொடக்கூடாது.
வடித்துவிட்டு, நிரப்ப வழியில்லாமல்
ஒரு ஞாயிறு முழுக்க
கேத்தரின் வெயிலில், நாற்பது டிகிரியில்,
நின்று படித்த பாடம்.

இம்முறை அசைந்தது.
அடியில் ஊர்ந்துபோய்க் கீழதைத் திருகினேன்.
தேன் நிறத்தில் வரவேண்டியது
பால்காப்பியாக வந்தது.

"ஆத்துல எறக்கவே இல்ல அண்ணி,
பாலத்துல நின்னு படம் எடுத்தோம், அவ்ளோதான்."
சாவியைத் தரும்போது பூபாலன் சொன்னது.
வண்டியைக் கழுவி, டீசல் நிரப்பி,
கால்மிதிகளைக்கூட உலர வைத்திருந்தான்.
அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

போல்ட்டின் காந்த நுனியில் சாம்பல் கூழ்.
விரலிடுக்கில் தேய்த்தேன்,
நெருடவில்லை. பற்கள் பிழைத்தன.

பெஞ்சின்மேல் இரண்டு டப்பா.
"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கடைக்கார மர்ரே.
ஒன்றல்ல.
மலிவானதை ஊற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டி
அலசிக் கொட்டவேண்டும்.
கையேடு சொல்லும் எழுபத்தைந்து-தொண்ணூறு
அதற்கப்புறம்,
புதுச் செம்பு வாஷரோடு,
மேல் துளையில் ஒரு சொட்டு
திரும்பி வழியும்வரை.

போன் அதிர்கிறது.
"அண்ணி, வண்டி ஓகேவா?"
இந்தக் கையால் திரையைத் தொட முடியாது.
தொட முடிந்தாலும்.

வடித்ததை ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலில் ஊற்றி
ஜன்னலோரம் வைத்தேன்.
சில நாளில் தண்ணீர் பிரிந்து
அடியில் தங்கலாம் என்கிறார்கள்.
பார்க்கலாம்,
எத்தனை ஆழம் போனான் என்று.

முன் டிஃப்பை இன்னும் திறக்கவில்லை.