பயண விவரம்

கோத்தகிரி அரசு மருத்துவமனை.
காய்ச்சல் பதிவேடு, அக்டோபர்.
ஏழாவது கட்டம்: பயண விவரம்.
அதை நிரப்பும்போது எனக்கொரு நிம்மதி வரும்.

மேட்டுப்பாளையம், உருளைக்கிழங்கு மண்டி.
திருப்பூர், பனியன் கம்பெனி,
தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டவன்.
காரமடை, மச்சினன் கல்யாணம்.
மறுபடியும் திருப்பூர்.
எல்லாரும் கீழே கடிபட்டு
மேலே வந்து படுத்தவர்கள்.
குளிர்தான் நமக்கு வேலி என்ற தைரியத்தில்
வாராவாரம் ஊட்டிக்கு ஒரே வரியை அனுப்பினேன்:
உள்ளூர்த் தொற்று இல்லை.

பதினேழாவது வரிசை, யோகேஸ்வரி, நாற்பத்தொன்று.
கொழுந்து பறிப்பவர்.
அட்டையில் இரண்டு கோடு.
தட்டணு முப்பத்தெட்டாயிரம்.
"கடைசியா எப்பக்கா கீழ எறங்குனீங்க?"
கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதென்று
கண்ணை மூடிக்கொண்டே யோசித்தார்.
"ஆதாருக்கு போட்டோ புடிக்க...
இல்ல சார், அது குன்னூரு."

குன்னூர் கீழே இல்லை.

கட்டத்தின் மேல் பேனா நின்றது.
ஒரு சின்னக் கோடு போட்டால் போதும்.
அந்தக் கோடு
நான் அனுப்பிய எல்லா வாரங்களின் மேலும் விழும்.

மூன்று மணிக்கு அவருடைய லயத்துக்குப் போனேன்.
தொட்டிக்கு மூடி. குடங்கள் கவிழ்ந்திருந்தன.
தேடித் தேடியும்
ஒரு சிரட்டைகூட அகப்படவில்லை.
காற்று அடித்தது, பலமாகத்தான்.
தகரம் ஏன் படபடக்கவில்லை
என்று அண்ணாந்தேன்.

கூரை பறக்காமல் இருக்க ஒன்பது டயர்.
கேரட் லாரி பெள்ளிராஜ்
இறக்கிவிட்டுத் திரும்பும்போது
மேட்டுப்பாளையத்தில் வாங்கி வந்தது,
ஒன்று ஐம்பது ரூபாய்.
காய்ந்தாலும் சாகாத முட்டை
ரப்பரின் உள்வளைவில்
கரித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் ஏறி வந்திருக்கிறது,
வாந்தி எடுக்காமல்,
டிக்கெட் வாங்காமல்.
மழை ஒன்றுதான் பாக்கி இருந்தது.
அதுவும் ஆகஸ்டில் பெய்துவிட்டது.

ஏணி வைத்து டார்ச் அடித்தேன்.
நெளிந்தன.

ஏணியைப் பிடித்திருந்த சடாட்சரம் சொன்னார்,
"எங்க வீட்ல மூணு பேருக்கு இதே காய்ச்சல்.
மாத்திரயப் போட்டுட்டு மலைக்குப் போயிட்டோம்.
எட இல்லேன்னா சம்பளம் யாரு குடுப்பா?"
பக்கத்து வீட்டில் இரண்டு,
கடைசி வீட்டில் ஒன்று, அது கைப்பிள்ளை.
இவர்களுக்கு என் பதிவேட்டில் வரிசையே கிடையாது.
கட்டிலில் விழுந்தவர்களை மட்டும் எண்ணி
அதற்கு மாவட்டம் என்று பெயர் வைத்திருந்தேன்.

டயர்களைப் புரட்டி ஊற்றினோம்.
நனைந்த சட்டையோடு ஏழாவது கட்டத்தில்
"இல்லை" என்று எழுதினேன்.
கையெழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால்
சரிவு முழுக்கக் கூரைகள்,
கூரைக்குக் கூரை கறுப்பு வளையங்கள்.
எண்ண ஆரம்பித்தேன்.
நூற்றுப் பதினாறில் மஞ்சு இறங்கி மூடியது.

மீதி நாளைக்கு.